ஒரே டிஷ், ஒரே மழை: ஒரு சேனல் மட்டும் உடைவது ஏன்?

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் பெருமாநல்லூரில் பல வீடுகளில் இந்தக் குழப்பம் வரும். செய்திச் சேனல் கட்டம் கட்டமாக உடைந்து அப்படியே நின்றுவிடும். அடுத்த எண்ணை அழுத்தினால் பாட்டுச் சேனல் எந்தக் குறையும் இல்லாமல் ஓடும். டிஷ் ஒன்று, வயர் ஒன்று, செட்டாப் பாக்ஸ் ஒன்று. "அந்தச் சேனல்காரங்க பக்கம்தான் கோளாறு" என்று முடிவுகட்டிவிடுவோம். பெரும்பாலும் கோளாறு அங்கே இருப்பதில்லை.

டிஜிட்டல் ஒளிபரப்பில் சேனல் தனியாகப் பயணம் செய்யாது. பல சேனல்களைச் சுருக்கி, ஒரே கட்டாக்கி, ஒரே அலைவரிசையில் ஏற்றி அனுப்புகிறார்கள். பனியன் கம்பெனியிலிருந்து ஏற்றுமதிக்குப் போகும் அட்டைப்பெட்டி போலத்தான். ஒரு பெட்டி நனைந்தால் உள்ளே உள்ள அத்தனை பீஸும் வீண். பக்கத்துப் பெட்டிக்கு ஒன்றும் ஆகாது. செயற்கைக்கோளில் இந்தக் கட்டைச் சுமப்பது டிரான்ஸ்பாண்டர். கோபுரத்திலிருந்து நேரே வீட்டு ஆன்டெனாவுக்கு வரும் தரைவழி ஒளிபரப்பில் அதற்கு மல்டிபிளக்ஸ் என்று பெயர். ஆகவே ஒரு சேனல் போனால், அதனோடு வேறு எவையெல்லாம் போயின என்று முதலில் பார்க்க வேண்டும்.

தமிழ்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்ததே தரைவழியில்தான். 1975 ஆகஸ்ட் 15-இல் சென்னைத் தூர்தர்ஷன் தொடங்கியது. பிறகு கொடைக்கானல் மலைமேல் நின்ற கோபுரம் தென்மாவட்டங்களுக்குப் படம் கொடுத்தது. அந்த அனலாக் காலத்தில் சிக்னல் குறைந்தால் திரையில் புள்ளிகள் தூவும், உருவத்துக்கு நிழல் விழும். ஆனாலும் பேசுவது யார் என்று தெரியும். டிஜிட்டலில் அந்த இடைநிலை கிடையாது. ஓர் அளவு வரை படம் பளிச்சென்று இருக்கும். அதற்குக் கீழே ஓரிரு டெசிபெல் இறங்கினாலே திரை காலி. இரண்டு கட்டுகளுக்கு நடுவே சிறிய வேறுபாடு இருந்தாலும் ஒன்று முழுதாக வருவதும் மற்றொன்று முழுதாகப் போவதும் இதனால்தான்.

அந்த வேறுபாடு சில சமயம் கோபுரத்திலேயே தொடங்கிவிடும். பிரிட்டனில் பி.பி.சி. போன்ற பொதுச்சேவைச் சேனல்களின் மல்டிபிளக்ஸ்கள் சுமார் 98.5 சதவீத வீடுகளை எட்டுகின்றன. வணிகச் சேனல்களின் மல்டிபிளக்ஸ்கள் குறைவான கோபுரங்களிலிருந்தே வருவதால் 90 சதவீத அளவில் நின்றுவிடுகின்றன.

ஆனால் எனக்கு மிக வியப்பாக இருக்கும் காரணம் எதிரொளிப்பு. 500 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 60 சென்டிமீட்டர். 600 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு 50 சென்டிமீட்டர். கோபுரத்திலிருந்து நேரே வரும் அலையும், பக்கத்துத் தகரக் கூரையில் பட்டுச் சற்றுச் சுற்றி வரும் அலையும் ஆன்டெனாவில் சந்திக்கின்றன. முகடும் முகடும் சேர்ந்தால் பலம் கூடும். முகடும் பள்ளமும் சேர்ந்தால் ஒன்றையொன்று அழிக்கும். சுற்றி வந்த தூரம் இரண்டுக்கும் ஒன்றுதான், அலைநீளம்தான் வேறு. அதனால் ஒரே கோபுரத்திலிருந்து ஒரே பலத்தோடு கிளம்பிய இரண்டு மல்டிபிளக்ஸ்களில் ஒன்று செழிப்பாகவும் மற்றொன்று நலிந்தும் வந்துசேரும். ஆன்டெனாவை ஓரடி நகர்த்தினால் நிலைமை தலைகீழாகவும் மாறலாம்.

கொட்டகைகளும் தகரக் கூரைகளும் நிறைந்த பெருமாநல்லூரில் இதைச் சோதித்துப் பார்க்க வழியில்லை. தூர்தர்ஷன் 2016 பிப்ரவரியில் 16 நகரங்களில் டிஜிட்டல் தரைவழி ஒளிபரப்பை அறிவித்தது. அதில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே இருந்தது. பழைய அனலாக் கோபுரங்கள் பெரும்பாலும் 2022-க்குள் மூடப்பட்டுவிட்டன. இது உண்மையான இழப்பு என்றே நினைக்கிறேன். ஓரடிக்கும் மேல் நீளமுள்ள தரைவழி அலையை மழை ஒன்றும் செய்யாது. சிங்கப்பூரில் வசந்தம் சேனலின் தமிழ் நிகழ்ச்சிகளைக் கொட்டும் மழையிலும் சிறிய ஆன்டெனாவில் பார்க்கலாம்.

நமக்கு வருவது விண்வழி. டிடி ஃப்ரீ டிஷ் சேனல்களைச் சுமக்கும் ஜிசாட்-15, 2015 நவம்பரில் ஏவப்பட்டது. கிழக்குத் தீர்க்கரேகை 93.5 பாகையில், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. பெருமாநல்லூர் மொட்டைமாடியிலிருந்து பார்த்தால் அது தென்கிழக்குக்குச் சற்றுக் கிழக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 67 பாகை உயரத்தில் இருக்கும். டிஷ்ஷின் வடிவமைப்பால் அது அவ்வளவு நிமிர்ந்திருப்பது போல் தெரியாது. இந்த உயரம் நமக்கு நல்லது: அலை மழைக்குள் கடக்கும் தூரம் குறைகிறது. ஆனாலும் அந்த அலையின் நீளம் மூன்று சென்டிமீட்டருக்கும் குறைவு. பெரிய மழைத்துளிகள் அதை உறிஞ்சும், சிதறடிக்கும். அப்போது முதலில் விழுவது பெரும்பாலும் எச்.டி. சேனல்களின் கட்டு. குறுகிய இடத்தில் நிறையத் தகவலை அடைத்து அனுப்புவதால் அதற்குச் சிக்னல் கூடுதல் சுத்தமாக வேண்டும்.

மழையே இல்லாமல் சில சேனல்கள் மட்டும் போனால் வயரைப் பாருங்கள். டிரான்ஸ்பாண்டர்கள் சில செங்குத்தாகவும் சில கிடையாகவும் அதிரும் அலைகளை அனுப்பும். செங்குத்து வேண்டுமானால் செட்டாப் பாக்ஸ் டிஷ்ஷின் முனையிலுள்ள எல்.என்.பி.க்கு 13 வோல்ட் அனுப்பும். கிடை வேண்டுமானால் 18 வோல்ட். மூன்றாம் மாடியிலிருந்து கீழ்வீடு வரை இழுத்து, நடுவே முறுக்கி டேப் சுற்றிய வயரில் அந்த 18 வோல்ட் தேய்ந்துபோனால் கிடைச் சேனல்கள் மொத்தமாகக் காணாமல் போகும். நீளமான வயர் உயர்ந்த அலைவரிசையைத்தான் அதிகம் தின்னும் என்பதும் சேர்ந்துகொள்ளும்.

செட்டாப் பாக்ஸின் மெனுவில் இரண்டு அளவுகள் இருக்கும்: பலம், தரம். பலம் என்பது வந்துசேரும் மொத்த ஆற்றல். இரைச்சலும் அதில் அடக்கம். படத்தைத் தீர்மானிப்பது தரம். பலம் 90, தரம் 20 என்றால் திரையில் ஒன்றும் வராது. அங்கே பூஸ்டர் மாட்டிப் பயனில்லை. அது இரைச்சலையும் சேர்த்தே பெருக்கும்.

வெயில் நாளில் நாலைந்து டிரான்ஸ்பாண்டர்களின் தர எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பழுது வரும்போது ஒப்பிடுங்கள். எல்லாமே ஒரே அளவு இறங்கியிருந்தால் டிஷ் நகர்ந்திருக்கலாம். கிடை மட்டும் இறங்கியிருந்தால் வோல்ட், அல்லது எல்.என்.பி.யின் சாய்வு. உயர்ந்த அலைவரிசைகள் மட்டும் என்றால் வயர், அல்லது தண்ணீர் இறங்கிய இணைப்பு. டிஷ்காரர் ஏணியில் ஏறும் முன்னே இதை அவரிடம் சொன்னால், நன்றாக நிற்கும் டிஷ்ஷை அவர் திருப்ப வேண்டியிருக்காது.