செப்பு நாணயமும் தேர்தல் வாக்குறுதியும்

ஒரகடம் தொழிற்பகுதியை ஒட்டிய சேரப்பணஞ்சேரியில், இரவுப் பணிக்கான பேருந்தை எதிர்பார்த்துத் தேநீர்க் கடையில் நின்றிருந்த இளைஞர்கள் சிலர், கைப்பேசியில் ஒரு பழைய திரைப்படக் காட்சியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தனர். கட்சி மாறி வந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் அனைவரையும் துணைப் பிரதமர்களாக்குகிறார் பிரதமர் துக்ளக். 1971-இல் வெளிவந்த 'முகமது பின் துக்ளக்' படக் காட்சி அது. அரை நூற்றாண்டு கடந்தும் அந்தச் சிரிப்பு பழையதாகவில்லையே, ஏன்?

இப்படம் மேடையில் பிறந்தது. சோ ராமசாமி எழுதி, 1968-இல் மேடையேற்றிய நாடகமே, அவரது இயக்கத்தில், எம்.எஸ். விஸ்வநாதனின் இசையுடன் திரைக்கு வந்தது. துக்ளக்காக நடித்தவரும் அவரே. 1970-இல் அவர் தொடங்கிய இதழும் அப்பெயரையே தாங்கியது.

நாடகத்துக்கு வித்திட்டது அன்றைய அரசியல். 1967-இல் பல மாநிலங்களில் காங்கிரஸ் ஆட்சியை இழக்க, கட்சித் தாவல் பெருகியது. ஹரியாணாவின் கயா லால் இரு வாரங்களுக்குள் மும்முறை கட்சி மாறினார். தமிழகத்திலோ 1965 மொழிப் போராட்டத்தின் வடு ஆறவில்லை. இந்நிலையில், பாரசீகமே ஆட்சிமொழி என்று துக்ளக் அறிவிப்பதன் பொருளை எவரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

தில்லி சுல்தானை மேடைக்குக் கொணர்ந்த முதல்வர் சோ அல்லர். 1964-லேயே கிரீஷ் கார்னாட் கன்னடத்தில் 'துக்ளக்' நாடகத்தைப் படைத்தார். கார்னாட் கண்டது ஓர் அரசனின் துயர வீழ்ச்சி. சோ கண்டது குடிமக்களின் நகைப்புக்குரிய ஏமாளித்தனம்.

பொருளியல் ஆசிரியனாக எனக்கு இங்கு நினைவுக்கு வருவது, வரலாற்றுத் துக்ளக்கின் செப்பு நாணயம். ஏறத்தாழ 1330-இல், வெள்ளி நாணயத்துக்கு நிகரான மதிப்பில் அவர் குறியீட்டு நாணயம் வெளியிட்டார். கள்ள நாணயத்தைத் தடுக்க வழியில்லை, வீடுகளே அக்கசாலைகளாயின. நம்பிக்கை தகர்ந்ததும் திட்டம் கைவிடப்பட்டது. செப்பைப் பெற்றுக்கொண்டு, கருவூலத்திலிருந்து உரிய மதிப்பை அளித்தார் சுல்தான். தம் பிழைக்குத் தாமே விலை கொடுத்தார்.

தேர்தல் வாக்குறுதியும் குறியீட்டு நாணயமே. அதற்குத் தனி மதிப்பில்லை. பெறுபவரின் நம்பிக்கையே மதிப்பு. ஆனால், அது செல்லாக்காசாகும்போது விலை கொடுப்பவர் அளித்தவர் அல்லர், ஏற்றவர்.

படத்தின் முடிவு இதைத்தான் உணர்த்துகிறது. துக்ளக்காகவும் இபன் பதூதாவாகவும் வேடமிட்ட இரு நண்பர்களின் நோக்கம், அரசியலின் போலித்தனத்தை மக்களுக்கு உணர்த்துவதே. ஆனால், பதவியின் சுவையறிந்த ஒருவன் வேடத்தைக் கலைக்க மறுக்கிறான். மற்றவன் உண்மையைச் சொல்கிறான், கூட்டம் நம்பவில்லை. அங்கதத்தின் இலக்கு ஆட்சியாளர் மட்டுமல்லர், கைதட்டும் நாமும்தான்.

கட்சித் தாவலைத் தடுக்க 1985-இல் சட்டம் வந்தது. ஏமாறுவதைத் தடுக்கச் சட்டம் இயற்ற இயலாது. பேருந்து வந்தது, இளைஞர்கள் ஏறிச் சென்றனர். ஒப்பந்தப் பணியாளர்களான அவர்களுக்கு அடுத்த தேர்தலிலும் நிரந்தர வேலை வாக்களிக்கப்படலாம். எத்தனை வேலை, எப்போது, எந்த நிதியில் என்று அன்று அவர்கள் கேட்டால், இன்றைய சிரிப்பு வீண்போகவில்லை என்று பொருள்.