சம்பளம் தராத முதலாளி எப்படி வழிநடத்துவார்?

அமெரிக்காவில் வீடு விற்றுத்தரும் ஏஜென்ட் தனியாகத் தொழில் நடத்த முடியாது. மாநில அரசு தந்த லைசென்ஸை ஒரு தலைமைத் தரகரின் கீழ் பதிந்துவைக்க வேண்டும். கமிஷனும் முதலில் அந்த நிறுவனத்துக்கு வந்து, பேசிக்கொண்ட பங்குப்படி ஏஜென்ட் கைக்குப் போகும். பெரிய பிராண்டுகளோடு சேராமல், உள்ளூர்க்காரர் ஒருவரோ ஒரு குடும்பமோ நடத்தும் தரகு நிறுவனங்கள் அங்கே ஏராளம்.

அங்குள்ள ஏஜென்ட்டுகளில் பெரும்பாலோர் ஊழியர்கள் அல்லர். லைசென்ஸ் இருந்து, வருமானம் விற்பனையைப் பொறுத்ததாக இருந்து, எழுத்து ஒப்பந்தமும் இருந்தால் அவர்களைச் சுயதொழில் செய்பவர்களாகவே 1982ஆம் ஆண்டின் கூட்டரசு வரிச் சட்டம் கருதுகிறது. மாதச் சம்பளம் கிடையாது. ஒன்பது மணிக்கு வந்தாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவதும் கடினம். பிடிக்காவிட்டால் ஏஜென்ட் தன் லைசென்ஸை வேறு தரகரிடம் மாற்றிக்கொள்வார். ஆனாலும் அவரைக் கண்காணிக்கும் சட்டப் பொறுப்பு தலைமைத் தரகருடையது. அதட்டி வேலை வாங்க வழியில்லாத அந்த இடத்தில் நம்பிக்கை ஒன்றுதான் ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கிறது. அது மூன்று இடங்களில் சோதிக்கப்படுகிறது.

வரும் அழைப்புகள். வீடு தேடி நிறுவனத்துக்குப் போன் செய்பவர்களை யாரிடம் அனுப்புவது? தானும் வீடு விற்கும் முதலாளி நல்ல அழைப்புகளைத் தனக்கென எடுத்துக்கொண்டால், புதிதாக வந்தவர் பிழைக்க முடியாது. இதனாலேயே சில முதலாளிகள் விற்பனையில் இறங்குவதில்லை; பயிற்சி தருவதையும் ஒப்பந்தங்களைச் சரிபார்ப்பதையும் மட்டும் செய்கிறார்கள்.

விலகிப் போகும்போது. வீட்டை விற்றுத்தரும் ஒப்பந்தம் பொதுவாக நிறுவனத்தின் பேரில்தான் இருக்கும். வாடிக்கையாளரை உழைத்துப் பிடித்த ஏஜென்ட் விலகினால், அந்த வாடிக்கையாளர் அவரோடு போகலாமா என்பதைத் தரகர் முடிவு செய்கிறார். போகிறவரை அவர் நடத்தும் விதத்தை இருப்பவர்கள் எல்லோரும் கவனிக்கிறார்கள்.

சட்டத்தின் முன். இனம், மதம், பூர்வீகம் பார்த்து வீடு மறுப்பதை 1968ஆம் ஆண்டின் நியாய வீட்டுவசதிச் சட்டம் தடுக்கிறது. வாங்க வருபவரின் இனத்தைப் பார்த்து இன்ன பகுதிதான் ஏற்றது என்று மெல்லத் திருப்பிவிடுவதும் சட்டவிரோதம். நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலேண்டில் ஏஜென்ட்டுகள் பலர் இப்படி நடந்துகொண்டதற்கான ஆதாரங்களை 2019இல் ‘நியூஸ்டே’ நாளிதழ் வெளியிட்டது. அதிகம் சம்பாதித்துத் தரும் ஏஜென்ட்டே இதைச் செய்தாலும் வெளியேற்றும் துணிவு முதலாளிக்கு வேண்டும். அது இல்லாத இடத்தில் எத்தனை பயிற்சி வகுப்பு நடத்தியும் பயனில்லை.

2024 ஆகஸ்ட் 17 முதல், வாங்குபவருக்கு வீடு காட்டும் முன்பே ஏஜென்ட் தன் கட்டணத்தை எழுதி ஒப்பந்தம் போட வேண்டும் என்ற விதி பெரும்பாலான இடங்களில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. தன் வேலையின் மதிப்பை வாடிக்கையாளரிடம் நேர்மையாக விளக்க, இனி ஒவ்வொரு ஏஜென்ட்டுக்கும் தெரிந்திருக்க வேண்டும். அதைக் கற்றுத்தருவது தலைமையின் வேலை.

இத்தகைய நிறுவனத்தில் சேர நினைப்பவர் கமிஷனில் தன் பங்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிறுத்தக் கூடாது. அழைப்புகளை எப்படிப் பிரிக்கிறீர்கள், கடைசியாக விலகியவரின் வாடிக்கையாளர்கள் என்ன ஆனார்கள், என் முதல் ஒப்பந்தத்தை உடனிருந்து பார்த்துத் தருபவர் யார் என்றும் கேட்க வேண்டும். தயங்காமல் பதில் வரும் இடத்தில், பங்கு சற்றுக் குறைந்தாலும் சேரலாம்.