கையில் ஏறாத குருவி

"மாமா, அது என் கையில வந்து உக்காருமா?"

வீட்டுக்கு முதல் முறையாகப் பறவை வாங்கப் போகிறோம் என்றதும் அக்கா மகள் கேட்டது இதுதான். உட்காராது என்றேன். முகம் சுருங்கிப்போனது. "அப்போ பச்சைக்கிளியே வாங்கலாமே?" அது முடியாது. நம் தோப்பிலும் வயலிலும் திரியும் கிளி, மைனா, சில்லை போன்றவற்றைப் பிடித்துக் கூண்டில் அடைக்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடம் தரவில்லை.

அப்படித்தான் ஜீப்ரா ஃபின்ச்சிடம் வந்து சேர்ந்தோம். ஆஸ்திரேலியாவின் வறண்ட புல்வெளிகள் அதற்குப் பூர்வீகம். கடைகளில் இருப்பவையோ தலைமுறை தலைமுறையாகக் கூண்டிலேயே பிறந்தவை. நீளம் 10 சென்டிமீட்டர், எடை சுமார் 12 கிராம். ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாள் இரண்டரை சேர்த்தால் அந்த எடை வந்துவிடும்! தினைக்குருவி என்று நாம் சொல்லும் சில்லைகளுக்கு இது ஒன்றுவிட்ட சொந்தம். கூம்பு அலகால் தானியம் கொறிக்கிற குட்டிப் பறவைகளை எல்லாம் 'ஃபின்ச்' என்று கூப்பிட்டுவிடுவது ஆங்கிலேயர் வழக்கம். டார்வின் பேரால் வழங்கும் கலாபகஸ் குருவிகளும் உண்மையில் ஃபின்ச் குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல.

ஒற்றைக் குருவி வாங்கவே கூடாது. கூட்டமாக வாழ்ந்து பழகிய இனம், தனியாக விட்டால் வாடிப்போகும். ஆணையும் பெண்ணையும் பிரித்தறிவது சுலபம். கன்னத்தில் ஆரஞ்சுத் திட்டு, மார்பில் வரிக்குதிரைக் கோடுகள், விலாவில் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் ஆண். இவை எதுவும் இல்லாத சாம்பல்காரி பெண். அலகு இன்னும் கறுப்பாக இருந்தால் அது குஞ்சு, வாங்க வேண்டாம். பகலில் இறகை உப்பிக்கொண்டு மூலையில் தூங்கி வழிவதும் வேண்டாம், அதற்கு உடம்பு சரியில்லை.

"பாட்டுப் பாடுமா?" ஆண் பாடும். குயில் மாதிரி எதிர்பார்க்காதீர்கள். ரப்பர் பொம்மையை அமுக்கினாற்போல 'மீப் மீப்' என்றிருக்கும். ஆனால் அந்தப் பாட்டு பிறவியிலேயே வந்ததல்ல, கற்றுக்கொண்டது. குஞ்சு ஏறக்குறைய 25 நாள் வயதில் அப்பாவின் பாட்டைக் காதில் வாங்கத் தொடங்குகிறது. முதலில் மழலை, பிறகு உளறல், பிறகு திருத்தம். 90 நாள் ஆவதற்குள் பாட்டு கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் ஆயுள் முழுக்க அதே பாட்டுதான். வேறு இனப் பறவை எடுத்து வளர்த்தால், வளர்த்த அப்பாவின் பாட்டையே பிடித்துக்கொள்ளும். நாம் தமிழ் பேசக் கற்றதும் இப்படித்தானே? அதனால்தான் பேச்சு எப்படி வருகிறது என்று ஆராய்கிறவர்கள் இந்தக் குருவியை விடுவதே இல்லை. கோழிக்கு அடுத்தபடியாக முழு மரபணுத் தொகுதியும் படித்தறியப்பட்ட பறவை இதுதான், 2010இல்.

முட்டைக்குள் இருக்கும்போதே இதற்குக் காது கேட்கிறது என்பது இன்னும் வேடிக்கை. வெப்பம் 26 டிகிரி செல்சியஸைத் தாண்டினால், பொரிக்கப் போகிற முட்டைகளைப் பார்த்துத் தாயோ தந்தையோ தனியாக ஒரு குரல் கொடுக்கும். அதைக் கேட்டுப் பிறந்த குஞ்சுகள் சூடான கூட்டில் எடை குறைவாக வளர்கின்றன என்று ஆஸ்திரேலியாவின் டீக்கின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் கண்டார்கள். சின்ன உடம்பு வெப்பத்தைச் சீக்கிரம் வெளியே விட்டுவிடும்.

கூண்டு உயரமாக இருந்து பயனில்லை, நீளமாக இருக்க வேண்டும். இவை ஹெலிகாப்டர் மாதிரி மேலே எழும்புவதைவிடப் பக்கவாட்டில் பறப்பதே அதிகம். தீனிக்குத் தினை, சாமை. சுண்ணாம்புச் சத்துக்குக் கணவாய் ஓடு. கூட்டுப் பெட்டி மட்டும் வைத்துவிடாதீர்கள். வைத்தால் நாலைந்து முட்டை, இரண்டு வாரத்தில் குஞ்சுகள், பிறகு வீடே குருவிக் கடை!

கூண்டைச் சமையலறையில் வைக்க வேண்டாம் என்று அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். பறவையின் நுரையீரலில் காற்று நம்மைப்போல் போன வழியே திரும்புவதில்லை. காற்றுப்பைகளின் உதவியால் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் ஆக்சிஜனும் நிறைய உள்ளே போகும், நஞ்சும் நிறையப் போகும். பிரிட்டன் சுரங்கங்களுக்குள் கேனரிக் குருவியைக் கொண்டுபோனது இதற்குத்தான்: விஷவாயு இருந்தால் மனிதருக்கு முன்னே அது மயங்கிவிடும். அடுப்பில் காய்ந்துபோன நான்-ஸ்டிக் தவாவின் புகையே ஃபின்ச்சைக் கொன்றுவிடும்.

இப்போது ஜோடி வந்து ஒரு மாதம் ஆகிறது. கையில் ஏறவில்லை. மருமகள் கூண்டுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஆண் குருவி ஒரு நாளில் எத்தனை முறை பாடுகிறது என்று நோட்டில் கோடு போடுகிறாள். இரவில் கூண்டின்மேல் துணி போர்த்துவதும் அவள் வேலைதான்.

நேற்று அவளுக்கு இன்னொன்று சொன்னேன். 2000ஆம் ஆண்டில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் டேனியல் மார்கோலியாஷ் என்பவரும் அவருடைய சகாவும், தூங்குகிற ஜீப்ரா ஃபின்ச்சின் மூளைச் செல்களைக் கவனித்தார்கள். பகலில் பாடும்போது அவை எந்த ஒழுங்கில் துடித்தனவோ, அதே ஒழுங்கு தூக்கத்திலும் வந்துபோனது. வாய் மூடியிருக்க, மூளைக்குள் ஒத்திகை.

அவள் துணியை மெல்ல ஓரமாக விலக்கிப் பார்த்தாள். பிறகு நோட்டை எடுத்துவந்து, "இதையும் எண்ணணுமா மாமா?" என்று கிசுகிசுத்தாள்.