கரண்ட் நின்றாலும் குஞ்சு பொரிக்க வேண்டுமா? யு.பி.எஸ். வாங்குமுன் கணக்குப் பாருங்கள்

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டத்தில் கொட்டிய மழையை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தாமிரபரணிக் கரையோர ஊர்கள் பலவற்றில் மின்சாரம் திரும்பச் சில நாட்கள் ஆயின. அதன் பிறகு பேட்டரியும் யு.பி.எஸ்.ஸும் வாங்கி வைக்க வேண்டும் என்ற எண்ணம் சிறு விவசாயிகளுக்கும் வந்திருக்கிறது. நல்ல எண்ணந்தான். ஆனால் கடைக்காரர் சொல்லும் எண்ணை நம்பி வாங்கினால் பணம் வீணாகும்.

எது நிற்கக்கூடாது?

தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் 1981-இல் இங்கேயே முத்துச் சிப்பிக் குஞ்சுகளைத் தொட்டியில் உற்பத்தி செய்து காட்டினார்கள். இத்தகைய குஞ்சுத் தொட்டிகளுக்குக் காற்று செலுத்திக்கொண்டே இருக்க வேண்டும். விளக்கு அணைந்தால் பாதகமில்லை, காற்று நிற்கக்கூடாது. விவசாயியும் தன் வீட்டில் அப்படி நிற்கக்கூடாதது எது என்று முதலில் தீர்மானிக்க வேண்டும்.

நாட்டுக்கோழி வளர்ப்போருக்கு அது இன்குபேட்டர். கோழி முட்டை 21 நாள் ஏறத்தாழ 37.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். பல மணி நேரம் சூடு குறைந்தால் கரு செத்துவிடும், அல்லது குஞ்சு நாள் தள்ளி நலிந்து பொரிக்கும். மூன்று வார உழைப்பு ஒரே இரவில் போகும்.

இரண்டு கணக்கு

பெட்டியில் 600 வி.ஏ. என்று எழுதியிருக்கும். அது எவ்வளவு சுமையை இழுக்கும் என்பதற்கான எண். எத்தனை மணி நேரம் இழுக்கும் என்பதை அது சொல்லாது. மோட்டாரின் குதிரைத்திறன் வேறு, கிணற்றில் கிடக்கும் தண்ணீர் வேறு அல்லவா? யு.பி.எஸ்.ஸுக்குக் கிணறு பேட்டரி. அதன் கொள்ளளவு ஆம்பியர் மணி, அதாவது ஏ.எச். கணக்கில் இருக்கும்.

கம்ப்யூட்டருக்கு விற்கும் சிறிய 600 வி.ஏ. யு.பி.எஸ்.ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரிதான் இருக்கும். 120 வாட் இன்குபேட்டரை அதில் மாட்டினால் கால் மணி, இருபது நிமிடத்துக்குமேல் தாங்காது. அதே 600 வி.ஏ. அளவுள்ள வீட்டு இன்வெர்ட்டருடன் 150 ஏ.எச். பேட்டரி சேர்ந்தால் கதை வேறு.

12-ஐ 150-ஆல் பெருக்கினால் 1,800 வாட் மணி. பேட்டரியை முழுக்க வடிக்கக்கூடாது, ஆகவே 70 சதம் எடுக்கலாம். மாற்றும்போது ஏற்படும் இழப்புக்கு இன்னும் 20 சதம் கழித்தால் சுமார் 1,000 வாட் மணி கையில் நிற்கும். இன்குபேட்டர் 120 வாட், 9 வாட் பல்பு இரண்டு, ஆக 138 வாட். ஏழு மணி நேரம் ஓடும். 70 வாட் மின்விசிறியையும் சேர்த்தால் ஐந்து மணிகூடத் தேறாது. பேட்டரி பழையதாக ஆக இந்த நேரமும் குறையும்.

உங்கள் சாதனத்தின் வாட் அதன் தகட்டில் இருக்கும், எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். கூட்டுத்தொகைக்குமேல் கால் பங்கு கூடுதலாகத் தாங்கும் யு.பி.எஸ். போதும். வி.ஏ.யுடன் வாட் எண்ணையும் கேளுங்கள், அது குறைவாகவே இருக்கும். இன்குபேட்டரில் விசிறி இருப்பதால் சைன் வேவ் வகையே நல்லது. பேட்டரியில் தயாரித்த மாதத்தையும் உத்தரவாத அட்டையையும் பார்த்து வாங்குங்கள்.

பம்புசெட்டுக்கு ஆகாது

5 எச்.பி. மோட்டார் 3,700 வாட்டுக்குமேல் கேட்கும். கிளம்பும்போது ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். வீட்டு யு.பி.எஸ். அதைத் தாங்காது. மோட்டார் கருகாமல் காப்பது ஒரு பேஸ் போனதும் நிறுத்தும் கருவியும், சரியான அளவில் வைத்த ஓவர்லோடு ரிலேயும்தான். அதற்கான பணத்தைப் பேட்டரியில் போடாதீர்கள்.

உப்புக்காற்றும் வெள்ளமும்

கடலோரத்தில் பேட்டரி முனைகள் சீக்கிரம் அரிக்கும். மாதம் ஒருமுறை துடைத்து வாஸ்லின் தடவ வேண்டும். கிணற்று நீரோ குழாய் நீரோ ஊற்றக்கூடாது, டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். சார்ஜ் ஏறும்போது தீப்பற்றும் வாயு வெளிவரும். எனவே காற்றோட்டமான இடத்தில் வையுங்கள், அருகே அடுப்பு, விளக்கு, பீடி கூடாது. தரையில் வைக்காமல், வெள்ளம் வந்த மட்டத்துக்குமேல் உறுதியான மேடையில் வைக்க வேண்டும். எர்த் இணைப்புடன், உரிமம் பெற்ற எலக்ட்ரீசியனைக் கொண்டே மாட்டுங்கள்.

நாட்கணக்கில் கரண்ட் இல்லாவிட்டால்?

யு.பி.எஸ். ஓரிரவைக் கடத்தும், ஒரு வாரத்தைக் கடத்தாது. நாலைந்து வீட்டார் சேர்ந்து சிறு ஜெனரேட்டர் வைத்துக்கொள்ளலாம். அதை வீட்டுக்குள் ஓட்டக்கூடாது, புகை உயிரைக் குடிக்கும். சேஞ்சோவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லயனில் இணைக்கவும் கூடாது, கம்பத்தில் ஏறும் மின் ஊழியருக்கு ஆபத்து.

அதுவும் இல்லையென்றால் இன்குபேட்டர் கதவைத் திறக்காதீர்கள். சாக்கு போர்த்தலாம், காற்றுத் துளைகளை அடைக்கக்கூடாது. முட்டைக்குள் இருக்கும் குஞ்சுக்கும் மூச்சு வேண்டும். அடைக்கோழி இருந்தால் ஒன்றுக்குப் பத்துப் பன்னிரண்டு முட்டை வைக்கலாம். அதற்கு வோல்ட்டும் வேண்டாம், வாட்டும் வேண்டாம். எந்த இயந்திரம் வாங்கினாலும் இரண்டு அடைக்கோழிகளைக் கைவிடாமல் வைத்திருப்பது நல்லது.