ஜெர்ஸித் துண்டு அசல்தானா? விளையாட்டு அட்டைகளின் நம்பகத்தன்மையை உறுதி செய்வது எது?

புது டெல்லி: அமெரிக்காவின் ஹெரிடேஜ் ஏல நிறுவனம் கடந்த 2025 ஆகஸ்ட் மாதம் நடத்திய ஏலத்தில், கூடைப்பந்து வீரர்கள் மைக்கேல் ஜோர்டான், கோபி பிரையன்ட் ஆகிய இருவரின் கையொப்பங்களைத் தாங்கிய ஓர் அட்டை 1 கோடியே 29 லட்சம் டாலருக்கு மேல் விலைபோனது. இந்திய மதிப்பில் இது 110 கோடி ரூபாயைத் தாண்டும். விளையாட்டு அட்டை ஒன்றுக்கு அதுவரை கிடைத்த விலைகளில் இதுவே மிக அதிகமாகும். அந்த அட்டையில் கையொப்பங்களுடன், இரு வீரர்களின் ஜெர்ஸிகளிலிருந்து வெட்டியெடுக்கப்பட்ட என்பிஏ சின்னங்கள் இரண்டும் பதிக்கப்பட்டிருந்தன.

உள்ளங்கையில் அடங்கும் ஓர் அட்டைக்குள் இருக்கும் துணித் துண்டை, குறிப்பிட்ட வீரர் உண்மையாகவே ஆட்டக்களத்தில் அணிந்திருந்தாரா? அதை யார், எப்படி உறுதி செய்கிறார்கள்? சில நூறு ரூபாய் முதல் பல கோடி ரூபாய் வரை புழங்கும் இந்தச் சந்தையின் அடிப்படைக் கேள்வி இதுதான்.

ஜெர்ஸி அட்டை என்றால் என்ன?

வீரர்களின் படங்கள் அச்சிட்ட அட்டைகளைச் சேகரிக்கும் வழக்கம் அமெரிக்காவில் நூறாண்டுகளுக்கும் மேலாக உள்ளது. 1990-களின் நடுப்பகுதியில் இத்துறை புதிய திசையில் திரும்பியது. 1996-இல் பிரஸ் பாஸ் நிறுவனம், கார் பந்தயத்தில் பயன்படுத்தப்பட்ட டயரின் துண்டுகளை அட்டைகளில் பதித்து வெளியிட்டது. அதே ஆண்டில் அப்பர் டெக் நிறுவனம், அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் ஜெர்ஸித் துண்டுகளை அட்டைகளில் சேர்த்தது. அடுத்த ஆண்டில் பேஸ்பால், கூடைப்பந்து அட்டைகளுக்கும் இம்முறை பரவியது.

அட்டையின் நடுவே சிறு சாளரம் போன்ற திறப்பு வெட்டப்பட்டு, அதற்குள் துணித் துண்டு வைக்கப்படும். ஒரே நிறத்தில் அமைந்த சாதாரணத் துண்டுகள் எளிதில் கிடைப்பவை. எண், பெயர், அணிச்சின்னம் ஆகியவற்றிலிருந்து எடுக்கப்பட்ட, பல நிறங்களும் தையலும் தெரியும் துண்டுகள் அரியவை என்பதால் விலை கூடுகிறது. ஒரு ஜெர்ஸியில் லீக்கின் சின்னம் ஒன்றுதான் இருக்கும். எனவே அந்தச் சின்னத்தைத் தாங்கிய அட்டைக்கு மதிப்பு மிக அதிகம்.

வெட்டியதால் எழுந்த சர்ச்சை

டான்ரஸ் நிறுவனம், பேஸ்பால் ஜாம்பவான் பேப் ரூத் 1925-ஆம் ஆண்டு காலத்தில் அணிந்த நியூயார்க் யாங்கீஸ் ஜெர்ஸி ஒன்றை 2,64,210 டாலருக்கு வாங்கி, 2003-இல் அதனை வெட்டப்போவதாக அறிவித்தது. ஒரே ஜெர்ஸியிலிருந்து சுமார் 2,100 துண்டுகள் எடுக்கப்பட்டன. அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்பட வேண்டிய பொருளை அழித்துவிட்டதாகச் சேகரிப்பாளர்கள் பலர் கண்டித்தனர். லட்சக்கணக்கில் பணம் செலவிட இயலாத சாமானிய ரசிகனுக்கும் வரலாற்றின் ஒரு துணுக்கு கிடைக்கிறது என்று ஆதரவாளர்கள் வாதிட்டனர்.

இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படாத மற்றொரு கோணமும் உண்டு. ஜெர்ஸியை வெட்டும்போது, அது அசல் என்பதற்கான சான்றுகளும் பெருமளவு அழிந்துவிடுகின்றன.

முழு ஜெர்ஸி தானே சாட்சி சொல்லும்

முழுமையான ஒரு ஜெர்ஸியைச் சரிபார்க்க இன்று பரவலாகப் பயன்படும் முறை, புகைப்பட ஒப்பீடு ஆகும். எந்த இரு ஜெர்ஸிகளும் நூலிழை அளவுக்கு ஒன்றுபோல் தைக்கப்படுவதில்லை. கோடுகள் தையலில் சந்திக்கும் இடம், எண்ணின் விளிம்புக்கும் துணியின் துளைகளுக்கும் இடையிலான அமைப்பு, கிழிசல், கறை, ஒட்டுத்தையல் ஆகியவை ஒவ்வொரு ஜெர்ஸிக்கும் கைரேகை போன்றவை. ஆட்டத்தின்போது எடுக்கப்பட்ட தெளிவான புகைப்படத்துடன் இவற்றை வல்லுநர்கள் ஒப்பிட்டுப் பார்க்கின்றனர்.

1986 உலகக் கோப்பைக் கால்பந்துக் காலிறுதியில் இங்கிலாந்துக்கு எதிராக டியகோ மரடோனா அணிந்த ஜெர்ஸி இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜுடன் மரடோனா அதை மாற்றிக்கொண்டார். 2022-இல் சோதபி நிறுவனம் அதனை ஏலத்துக்குக் கொண்டுவந்தபோது, அது முதல் பாதியில் அணிந்த ஜெர்ஸி என்றும், ‘கடவுளின் கை’ கோல் அடிக்கப்பட்ட இரண்டாம் பாதியில் அணிந்தது அன்று என்றும் மரடோனாவின் குடும்பத்தார் மறுப்புத் தெரிவித்தனர். புகைப்பட ஒப்பீட்டின் வாயிலாக அது இரண்டாம் பாதி ஜெர்ஸியே என்று சோதபி உறுதிபடக் கூறியது. இறுதியில் அது 71 லட்சம் பவுண்டுக்கு விற்பனையானது.

பேப் ரூத்தின் மற்றொரு ஜெர்ஸியின் கதையும் இதையே காட்டுகிறது. 2005-இல் 9,40,000 டாலருக்கு விற்கப்பட்ட ஒரு ஜெர்ஸி, 1932 உலகத் தொடர் இறுதிச் சுற்றில் அவர் அணிந்ததுதான் எனப் பின்னாளில் புகைப்படங்களுடன் ஒப்பிட்டு உறுதி செய்யப்பட்டது. அதன்பின் 2024 ஆகஸ்டில் அது 2 கோடியே 41 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. 2003-இல் வெட்டப்பட்ட ஜெர்ஸிக்கு இனி அத்தகைய ஆய்வுக்கு வாய்ப்பில்லை.

நகத்தளவு துணியில் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் மிஞ்சுவதில்லை. தையலும் எண்ணின் விளிம்பும் தெரியும் பெரிய துண்டுகளில் மட்டும் சில வேளைகளில் ஒப்பீடு சாத்தியமாகிறது. வெறும் வெள்ளைத் துண்டு ஒன்று மைக்கேல் ஜோர்டானின் ஜெர்ஸியிலிருந்து வந்ததா, கடையில் வாங்கிய புதுச் சட்டையிலிருந்து வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்து எவராலும் சொல்ல இயலாது. எனவே அட்டையை வாங்குபவர் துணியோடு சேர்த்து, தயாரிப்பு நிறுவனம் தரும் வாக்குறுதியையும் விலை கொடுத்து வாங்குகிறார்.

நிறுவனங்களே ஏமாந்த வழக்கு

அந்த வாக்குறுதி எவ்வளவு உறுதியானது என்ற ஐயத்தை, 2011-இல் அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் தொடரப்பட்ட வழக்குகள் எழுப்பின. ஆட்டத்தில் அணியப்படாத ஜெர்ஸிகளை, அணியப்பட்டவை என்று கூறி விற்றதாக நினைவுப்பொருள் வணிகர்கள் சிலர் மீது மத்திய அரசு வழக்கறிஞர்கள் குற்றம் சாட்டினர். சாதாரண ஜெர்ஸிகளை வாங்கி, பயன்படுத்தியவை போலத் தோற்றமளிக்கும்படி மாற்றி விற்றனர் என்பது குற்றச்சாட்டின் சாரம். அத்தகைய ஜெர்ஸிகளை வாங்கியவர்களில் அட்டை தயாரிப்பு நிறுவனங்களும் இருந்தன. வணிகர்கள் சிலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். ஒருவர் மீதான குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன.

தயாரிப்பு நிறுவனம் நேர்மையாக நடந்துகொண்டாலும், அதற்கு ஜெர்ஸியை விற்றவர் பொய் சொல்லியிருந்தால் அட்டையில் அச்சிடப்பட்ட உறுதிமொழி பொருளற்றதாகிவிடும் என்பதை இந்த வழக்குகள் உணர்த்தின. அதற்குள் துணி ஆயிரக்கணக்கான துண்டுகளாகி உலகெங்கும் பரவியிருக்கும். அவற்றைத் திரட்டிச் சோதிப்பது நடைமுறையில் இயலாத காரியம்.

பேஸ்பால் லீக் காட்டிய வழி

இச்சிக்கலுக்கு அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் அமைப்பு 2001-இலேயே ஒரு தீர்வை உருவாக்கத் தொடங்கியது. 1990-களின் இறுதியில் போலிக் கையொப்பக் கும்பல்களை எஃப்பிஐ பிடித்ததும், சான் டியகோ பேட்ரஸ் அணியின் டோனி க்வின் தனது பெயரில் போலிக் கையொப்பமிட்ட பொருள்கள் விற்கப்படுவதைக் கண்டறிந்ததும் இதற்குத் தூண்டுதலாக அமைந்தன.

இத்திட்டத்தின்கீழ் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் குறைந்தது ஒரு சான்றளிப்பாளர் அனுப்பப்படுகிறார். இவர்களில் பலர் காவல்துறைப் பணியில் இருப்பவர்கள் அல்லது ஓய்வுபெற்றவர்கள். களத்திலிருந்து வெளிவரும் பந்து, மட்டை, ஜெர்ஸி எதுவாயினும், அது பயன்படுத்தப்பட்டதைச் சான்றளிப்பாளர் நேரில் பார்த்திருக்க வேண்டும். பார்வையிலிருந்து சற்று நேரம் மறைந்துவிட்ட பொருளுக்குச் சான்று கிடையாது. சான்று பெற்ற பொருளில் தனி எண் கொண்ட ஹாலோகிராம் ஒட்டப்படுகிறது. அதைப் பிரித்தெடுக்க முயன்றால் சிதைந்துவிடும். அந்த எண்ணை லீக்கின் இணையதளத்தில் உள்ளிட்டால், பொருள் எந்த ஆட்டத்தில் பயன்படுத்தப்பட்டது என்ற விவரத்தை யாரும் காணலாம்.

குற்ற வழக்குகளில் சான்றுப்பொருள் கைமாறிய ஒவ்வொரு கட்டத்தையும் காவல்துறை பதிவு செய்வதைப் போன்றதே இது. டாப்ஸ் நிறுவனம் வெளியிடும் பேஸ்பால் அட்டைகள் சிலவற்றின் பின்புறத்தில் இந்த ஹாலோகிராமைக் காணலாம். துணி வெட்டப்பட்டாலும் அதன் வரலாறு அறுபடாமல் இருக்க இது உதவுகிறது.

2023 முதல் லீக்கில் அறிமுகமாகும் ஒவ்வொரு வீரரும் முதல் ஆட்டத்தில் தமது சட்டைக் கையில் தனிப் பட்டை ஒன்றை அணிகின்றனர். ஆட்டம் முடிந்ததும் அது சான்றளிக்கப்பட்டு, ஒரே ஓர் அட்டையில் பதிக்கப்படுகிறது. பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் பால் ஸ்கீன்ஸ் 2024 மே மாதம் அணிந்த பட்டையுடன் கூடிய அட்டை, 11 வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பரிசாகக் கிடைத்த பெட்டியில் இருந்தது. 2025 மார்ச்சில் அது 11 லட்சம் டாலருக்கு மேல் விற்பனையானது. எந்த நாள், எந்த ஆட்டம், யார் அணிந்தார் என்பதில் ஐயத்துக்கு இடமில்லாததும் இந்த விலைக்கு ஒரு காரணமாகும்.

பின்புற வாசகத்தில் உள்ள வேறுபாடு

எல்லா அட்டைகளும் இத்தகைய உறுதியைத் தருவதில்லை. அட்டையின் முன்புறம் வீரரின் படமும் துணியும் கவர்ந்தாலும், உண்மை நிலையைச் சொல்வது பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள வாசகமே. இவ்வாசகங்களை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, குறிப்பிட்ட நாளில் நடந்த குறிப்பிட்ட ஆட்டத்தில் அணிந்தது என்ற உறுதி. இதுவே மிக வலுவானது.

இரண்டாவது, ஆட்டத்தில் அணிந்தது என்று மட்டும் கூறி, எந்த ஆட்டம் எனக் குறிப்பிடாதது.

மூன்றாவது, வீரர் அணிந்தது என்பது. இதற்கும் ஆட்டத்துக்கும் தொடர்பு இருக்க வேண்டியதில்லை. அமெரிக்கக் கால்பந்தில் புதுமுக வீரர்கள் பருவம் தொடங்கும் முன்பே புகைப்பட நிகழ்ச்சிக்கு அழைக்கப்படுகின்றனர். அங்கு ஒன்றன்பின் ஒன்றாகச் சில நிமிடங்கள் அணிந்து கழற்றிய ஜெர்ஸிகளே பின்னர் வெட்டப்படுகின்றன. இன்னும் ஓர் ஆட்டம்கூட ஆடாத வீரருக்கு அட்டை வெளியிட வேண்டிய வணிகத் தேவையே இதன் காரணம்.

நான்காவது, நிகழ்ச்சியில் அணிந்தது அல்லது பயன்படுத்தியது என்பது. அது ஆட்டமாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

ஐந்தாவது, இத்துண்டு எந்தக் குறிப்பிட்ட ஆட்டத்தையோ நிகழ்ச்சியையோ பருவத்தையோ சேர்ந்ததன்று என்ற அறிவிப்பு. படத்தில் உள்ள வீரர் அத்துணியைத் தொட்டார் என்றுகூட இவ்வாசகம் உறுதி கூறுவதில்லை. இவை தவிர, அட்டைக்காகவே தொழிற்சாலையில் தயாரிக்கப்பட்ட, யாரும் அணியாத சின்னங்களைப் பதித்த அட்டைகளும் சந்தையில் உள்ளன.

இவற்றில் எதையும் மோசடி என்று கூற முடியாது. நிறுவனம் சொல்லியதைத்தான் விற்கிறது. அதைப் படிக்காமல், ஆட்டக்களத்தின் வியர்வை படிந்த துணி என்று எண்ணி அதிக விலை கொடுப்பவரே இழப்புக்கு ஆளாகிறார்.

துண்டை மாற்றும் மோசடி

அசல் அட்டையிலும் ஏமாற்று நடக்கக்கூடும். சாதாரண ஒற்றை நிறத் துண்டு உள்ள அட்டையைப் பிரித்து, பல நிறத் துண்டைச் செருகி மீண்டும் ஒட்டி, பல மடங்கு விலைக்கு விற்பவர்கள் உள்ளனர். அட்டையும் வரிசை எண்ணும் அசல், துணி மட்டும் போலி என்பதால் கண்டறிவது கடினம்.

வரிசை எண் இட்ட அட்டையாயின், அதே எண்ணுள்ள அட்டை முன்பு விற்பனைக்கு வந்தபோது எடுக்கப்பட்ட படத்துடன் ஒப்பிடுவது பயன்தரும். அட்டையின் விளிம்பில் பிளவோ பசைத் தடமோ உள்ளதா, தடிமன் சீராக உள்ளதா, அந்த அணியின் ஜெர்ஸியில் இல்லாத நிறம் துண்டில் தெரிகிறதா என்பவற்றையும் கவனிக்க வேண்டும்.

வாங்குபவர் கவனிக்க வேண்டியவை

கிரிக்கெட் நினைவுப்பொருள்களின் மதிப்பு இந்திய ரசிகர்களுக்குப் புதிதன்று. 2011 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் மகேந்திர சிங் தோனி வெற்றி சிக்சரை அடித்த மட்டை, அதே ஆண்டு லண்டனில் 1 லட்சம் பவுண்டுக்கு ஏலம் போனது. அந்த மட்டை முழுதாக, ஆட்டத்தின் காணொளியும் படங்களும் சாட்சியாக நிற்கும் நிலையில் விற்கப்பட்டது. அட்டையில் உள்ள துண்டுக்கு அந்த வசதி இல்லை.

ஆகவே இணையவழி ஏலங்களில் இத்தகைய அட்டைகளை வாங்க விரும்புவோர், அட்டையின் பின்புறப் படத்தை விற்பவரிடம் கேட்டுப் பெற வேண்டும். அதில் உள்ள வாசகம் ஆட்டத்தைக் குறிப்பிடுகிறதா, வெறுமனே வீரர் அணிந்தது என்கிறதா, எதையும் உறுதி கூறாமல் விடுகிறதா என்பதை விலை பேசும் முன்பே பார்க்க வேண்டும். ஹாலோகிராம் எண் இருந்தால் உரிய லீக்கின் இணையதளத்தில் சரிபார்க்க வேண்டும். பின்புறத்தைக் காட்ட மறுப்பவரிடம் வாங்காமல் விலகுவதே பாதுகாப்பானது.