அடுப்படியில் ஒரு சிங்களப் பாடம்



கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலும் அவற்றை அடுத்த ஊர்களிலும் தமிழ் பேசும் தாய்மார் பலர், கடைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகும்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளையைத் துணைக்கு அழைத்துச் செல்கிறார்கள். சிங்களம் பேச ஆள் வேண்டுமே! 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. ஆனால் கடை வாசலில் சட்டம் வந்து நமக்காகப் பேசாது. தாயின் நோவைப் பத்து வயதுப் பிள்ளை டாக்டரிடம் சொல்வது தாய்க்குச் சங்கடம், பிள்ளைக்குப் பாரம்.

இந்த மொழியை அடுப்படியிலேயே படிக்கத் தொடங்கலாம். தீப்பெட்டியைக் கையில் எடுங்கள். சிங்களத்தில் அது 'கினிபெட்டிய'. கினி என்றால் தீ. பெட்டிய என்பது பெட்டிதான். பால்மா 'கிரிபிட்டி': கிரி பால், பிட்டி மா. மண்ணெண்ணெய் 'பூமிதெல்': தெல் என்றால் எண்ணெய். நம் மூத்தோர் ஆமைப் பூட்டு என்றார்களே, அது 'இபியதுர'. இப்பா ஆமை, யதுர திறப்பு. நாம் அம்மி என்பதை அவர்கள் 'மிரிஸ் கல', அதாவது மிளகாய்க் கல் என்கிறார்கள்.

கவனித்தீர்களா? நாம் சேர்ப்பது போலவே அவர்களும் சொல்லோடு சொல் சேர்க்கிறார்கள். எல்லா மொழியும் இப்படியல்ல. அரபியில் 'கனஸ' (பெருக்கினான்) என்ற வினையை ஓர் அச்சில் வார்த்து 'மிக்னஸா' (துடைப்பம்) என்பார்கள். தூரத்துப் பின்லாந்துக்காரரோ நம்மைப் போலத்தான்: குளிர்சாதனப் பெட்டி அவர்களுக்கு 'யாகாப்பி', பனிக்கட்டி அலுமாரி.

ஒரு விதியை மனதில் வையுங்கள். பின்சொல் பொருள் இன்னதென்று சொல்லும். முன்சொல் அது எந்த வகை என்று சொல்லும். பொல் என்றால் தேங்காய். 'பொல்தெல்' சமைக்க, 'பூமிதெல்' எரிக்க. முன்சொல்லை விட்டுவிட்டு வெறும் 'தெல்' என்று கேட்டால் எந்தப் போத்தல் வருமோ! 'பொல்' ஒன்றைக் கற்றால் 'பொல்கிரி' தேங்காய்ப் பால், 'பொல்கட்டுவ' சிரட்டை என்று மற்றவையும் கூடவே வந்துவிடும்.

இதே விதி ஆஸ்பத்திரியிலும் உதவும். கெக்கும என்றால் வலி. 'படே கெக்கும' வயிற்று வலி, 'தத் கெக்கும' பல்வலி.

நாளுக்கு ஒரு பொருளை எடுத்து, அதன் பெயரைப் பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரியிடம் கேளுங்கள். உச்சரிப்பு பிசகினால் திருத்தித் தருவார். அடுத்த முறை கடைக்குப் போகையில் பிள்ளை பையைத் தூக்கட்டும். பேச்சை நீங்கள் பேசுங்கள்.