கைக்கடிகாரம் எண்ணுவது எதை?

பௌர்ணமி இரவில் திருவண்ணாமலைக் கிரிவலப் பாதையில் நடந்திருக்கிறீர்களா? மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர். பல்லாயிரம் பேர் வெறுங்காலுடன் நடந்து செல்வார்கள். சில ஆண்டுகளாக அவர்களிடையே ஒரு புதிய காட்சி. இந்திர லிங்கத்தில் தொடங்கி ஈசானிய லிங்கம் வந்து சேர்வதற்குள் இருபது முறையாவது மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கிறவர்கள்! அவர்கள் மணி பார்க்கவில்லை. எத்தனை காலடி வைத்தோம், எத்தனை கலோரி செலவாயிற்று என்று பார்க்கிறார்கள்.

எடையைக் குறைக்கும்படி மருத்துவர் சொன்னதும் நானும் அப்படி ஒரு கடிகாரம் கட்டிக்கொண்டேன். ஞாயிறுதோறும் விடியுமுன் கிரிவலம். முடித்ததும் கடிகாரம் 1,000 கலோரிக்குக் குறையாமல் காட்டும். மகிழ்ச்சியோடு சிற்றுண்டிக் கடைக்குப் போய் ஒரு நெய் ரோஸ்ட், இரண்டு வடை, ஒரு காப்பி. ஏறத்தாழ 600 கலோரி. ஆக, 400 லாபம் என்று கணக்குப் போட்டேன். இரண்டு மாதம் கழித்து எடை பார்த்தால், முள் 80 கிலோவைவிட்டு அசையவில்லை. இயற்பியல் கற்பிக்கிறவன் போட்ட கணக்கு எங்கே தவறியது?

கடிகாரத்துக்குள்ளே சற்று எட்டிப் பார்ப்போம். அதிலே முடுக்கமானி என்ற சிறு கருவி இருக்கிறது. சிலிக்கனில் செதுக்கிய ஒரு நுண்ணிய எடை, சிலிக்கனாலான மெல்லிய வில்களில் தொங்குகிறது. பேருந்து திடீரென்று கிளம்பும்போது நீங்கள் பின்னால் சாய்கிறீர்கள் அல்லவா? அதைப் போல, கை அசையும்போது இந்த எடையும் சற்றே பின்தங்குகிறது. எடையிலிருந்து சீப்பின் பற்களைப் போல் நீட்டிக்கொண்டிருக்கும் தகடுகள், அசையாத வேறு தகடுகளுக்கு நடுவே நிற்கின்றன. இடைவெளி மாறினால் மின்தேக்குதிறன் மாறும். அந்த மாற்றத்திலிருந்து முடுக்கம் தெரிந்துவிடுகிறது. நியூட்டனின் இரண்டாம் விதியும் ஹூக் விதியும் ஓர் அரிசிமணி அளவுக்குள் அடங்கிவிட்டன!

நடக்கும்போது இந்த முடுக்கம் நொடிக்கு ஏறத்தாழ இருமுறை உச்சத்துக்குப் போய் இறங்கும். அந்த உச்சங்களை எண்ணுவதுதான் காலடிக் கணக்கு. ஆகவே கடிகாரம் உண்மையில் எண்ணுவது காலை அன்று, கையின் குலுக்கலை. இடுப்பில் குழந்தையை அணைத்துக்கொண்டு நடக்கும் தாய்க்கு எண்ணிக்கை குறையும். பௌர்ணமிக் கூட்டத்தில் ஊர்ந்து நகர்ந்தாலும் குறையும். அங்கப்பிரதட்சிணம் செய்பவர் கையில் கட்டினால் என்ன காட்டும் என்பதை உங்கள் யோசனைக்கே விட்டுவிடுகிறேன்.

இயல்பாகக் கைவீசி நடந்தால் காலடிக் கணக்கைப் பெரும்பாலும் நம்பலாம். வம்பு கலோரியில்தான். (உணவைப் பற்றிப் பேசும்போது கலோரி என்பது கிலோகலோரி, ஒரு கிலோகிராம் நீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்.) கலோரியை அளக்கும் உறுப்பு எதுவும் கடிகாரத்தில் கிடையாது. காலடி, நாடித்துடிப்பு, நாம் பதிந்த வயது, உயரம், எடை இவற்றைக்கொண்டு அது ஊகிக்கிறது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 2017இல் ஏழு கருவிகளைச் சோதித்தனர். ஆறு கருவிகள் நாடித்துடிப்பை 5 சதவீதத்துக்கும் குறைந்த பிழையோடு காட்டின. கலோரியிலோ, மிகச் சிறந்ததற்கே சராசரியாக 27 சதவீதப் பிழை. மிக மோசமானதற்கு 93!

இனி என் கணக்கைத் திருத்துவோம். சும்மா உட்கார்ந்திருந்தாலே மனித உடல் கிலோவுக்கு, மணிக்கு ஏறத்தாழ 1 கலோரி செலவிடும். நிதானமாக நடந்தால் அது மூன்று மடங்காகும். 80 கிலோ உடல் மூன்றரை மணி நேரம் நடந்தால் 840 கலோரி. ஆனால் வீட்டில் சாய்வு நாற்காலியில் கிடந்திருந்தாலும் 280 செலவாகியிருக்கும்! ஆகவே நடந்ததால் மட்டும் செலவானது 560. நான் தின்ற சிற்றுண்டியோ 600.

உடலில் சேர்ந்துள்ள ஒரு கிராம் கொழுப்புத் திசுவில் சுமார் 7.7 கலோரி அடங்கியிருக்கிறது. சிற்றுண்டியே இல்லையென்றாலும் ஒரு கிரிவலத்தில் கரைவது 73 கிராம்தான். அப்படியானால் நடந்து முடித்ததும் ஒரு கிலோ குறைந்ததாகச் சிலர் சொல்கிறார்களே? அது வியர்வை. இரண்டு சொம்பு தண்ணீர் குடித்தால் திரும்பிவிடும்.

நான் மட்டும் ஏமாறவில்லை என்பது ஓர் ஆறுதல். அமெரிக்காவில் 18 முதல் 35 வயதுவரையுள்ள 471 பேரை வைத்துச் செய்த ஓர் ஆய்வு 2016இல் வெளியாயிற்று. எல்லாருக்கும் உணவு, உடற்பயிற்சி பற்றிய ஆலோசனை உண்டு. ஒரு பிரிவினருக்கு மட்டும் உடலில் அணியும் கருவியும் தந்தார்கள். இரண்டாண்டு முடிவில் கருவி அணியாதவர்கள் 5.9 கிலோ குறைந்திருந்தார்கள், அணிந்தவர்கள் 3.5 கிலோதான்.

தினம் 10,000 காலடி என்ற இலக்குகூட ஆய்வுக்கூடத்தில் பிறந்ததன்று. 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடிமானிக்கு ‘பத்தாயிரம் காலடி மானி’ என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள், பெயரே இலக்காகிவிட்டது. அதைவிடக் குறைவாக நடந்தாலும் பலன் உண்டு.

இப்போது நெய் ரோஸ்ட் போய் இரண்டு இட்லி வந்திருக்கிறது. கல்லூரிக்கும் நடந்தே போகிறேன். ஐந்து மாதத்தில் 3 கிலோ இறங்கியது. நேற்றைவிட இன்று எத்தனை காலடி அதிகம் என்பதை மட்டும் கடிகாரத்தில் பார்க்கிறேன்.

உங்களுக்கு ஓர் எச்சரிக்கை. நீங்கள் வளரும் வயதினர்; பெரியவர்களுக்கான எடைக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கடிகாரத்தை நம்பிச் சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். எடை அதிகம் என்று தோன்றினால் பெற்றோருடன் மருத்துவரிடம் போங்கள்.

ஆனால் சோதனை செய்து பார்க்கத் தடையில்லை. வீட்டில் யாரிடமாவது இந்தக் கடிகாரம் இருந்தால் வாங்கிக் கட்டிக்கொண்டு, வாய்விட்டு எண்ணியபடி 100 காலடி நடங்கள். கடிகாரம் எத்தனை காட்டுகிறது? அடுத்து, கடிகாரம் கட்டிய கையில் ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு 100. பிறகு கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு 100. என் கடிகாரம் முதல் நடைக்கு 97 காட்டியது; வாளியோடு நடந்தபோது 71. உங்களுடையது என்ன காட்டுகிறது என்று குறித்துவைத்து, நண்பர்களின் எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.